பெயருக்கு அளித்த அதிகாரம்

ஒரே வகுப்பில் முனியாண்டி என்னும் பெயருடைய மாணவர் இருவர் இருப்பின், ஆசிரியர் தந்தையார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து அவர்களை வேறுபடுத்துவார். முதலெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிட்டால் சேர்க்கைப் பதிவேட்டின் எண்ணைப் பார்ப்பார். பெயர் கூப்பிடுவதற்கு உதவும்; ஆளை ஐயமற அறிவதற்கு எண்ணே துணை. பதிவேடு எழுதிப் பழகிய எவர்க்கும் தெரிந்த இவ்வெளிய முறையை, உலகின் பெரிய நிறுவனங்கள் பலவற்றின் கணினிகளை ஆளும் மென்பொருள் ஒன்று பல்லாண்டுகள் கைக்கொள்ளாது விட்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட பெயரைத் தாங்கி வந்த குழு எதுவாயினும், அதனை யார் அமைத்தார், எப்போது அமைத்தார் என்று கேளாமல் முழு அதிகாரத்தையும் அதன் கையில் கொடுத்தது. 2024ஆம் ஆண்டில் இவ்வுண்மை வெளிப்பட்டபோது, அதனைப் பயன்படுத்திக் கொள்ளையர் பலர் முன்னரே உள்ளே புகுந்திருந்தனர்.

இன்னார் இன்னது செய்யலாம், இன்னார் செய்யலாகாது என வரையறுக்கும் ஏற்பாட்டினைக் கணினித் துறையார் அணுகல் கட்டுப்பாடு என்பர். பூட்டு உடைபடுவது ஒரு வகைக் கேடு. பூட்டு நன்றாக இருக்கும்போதே, காவலன் தகாதவர் கையில் சாவியைக் கொடுத்துவிடுவது மற்றொரு வகைக் கேடு. இங்கே ஆராயப்படுவது இரண்டாம் வகை. அது தோன்றி வளர்ந்த வழியை அறிய, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

பொதுக் கணினியும் தனிப் பூட்டும்

1960களின் தொடக்கத்தில் ஒரு கணினி ஒரு பெரிய அறையையே நிறைத்து நின்றது. அதன் விலையோ சொல்லி முடியாது. துளையிட்ட அட்டைக் கட்டினைக் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பதே அக்கால ஆராய்ச்சியாளரின் வழக்கம். இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ கோர்பாட்டோ. அவரும் அவர்தம் குழுவினரும் 1961 நவம்பரில் காலப் பகிர்வு முறையினைச் செய்து காட்டினர். கணினியின் நேரத்தை மிகச் சிறு துண்டுகளாக்கிப் பலர்க்கும் மாறி மாறி அளிப்பது அம்முறை. ஒவ்வொருவர்க்கும் கணினி தமக்கே பணிபுரிவதுபோல் தோன்றும்.

பலர் ஓரிடத்தில் கூடியதும் காவல் தேவையாயிற்று. ஒருவர் கோப்பை மற்றொருவர் பார்த்தல் கூடாது. ஒருவர்க்குரிய நேரத்தை மற்றொருவர் எடுத்தல் கூடாது. ஆகவே ஒவ்வொருவர்க்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. ஆனால் அக்கடவுச்சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில் எழுதிவைக்கப்பட்டிருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர்க்கு வாரத்திற்கு நான்கு மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அது அவர்க்குப் போதவில்லை. கடவுச்சொற் கோப்பினை அச்சிடுமாறு ஓர் அட்டையில் துளையிட்டுக் கொடுத்தார். கணினியும் மறுப்பேதுமின்றி அச்சிட்டுக் கொடுத்தது. இதனைப் பல்லாண்டுகளுக்குப் பின் ஷெர் தாமே வெளிப்படையாகக் கூறினார்.

அதே கணினியில் 1960களின் நடுவில் நிகழ்ந்த மற்றொரு செய்தி இன்னும் பொருள் நிறைந்தது. நிர்வாகிகளுள் ஒருவர் கடவுச்சொற் கோப்பினைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் மற்றொருவர், உள்ளே நுழைவோர்க்கு முதலில் காட்டப்படும் அன்றைய அறிவிப்பினை எழுதிக்கொண்டிருந்தார். திருத்தும் மென்பொருள், தற்காலிகக் கோப்பு ஒன்றினை எப்போதும் ஒரே பெயரில் உண்டாக்கும் இயல்புடையது. ஓரிடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்வார் என்னும் நம்பிக்கையில் அது அவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது. பின்னர் இருவர் ஒருங்கே வேலை செய்ய வழி ஏற்பட்டது. மென்பொருளின் பழைய நம்பிக்கையை மட்டும் எவரும் மாற்றவில்லை. இரு கோப்புகளும் ஒரே பெயரால் இடம் மாறின. அன்று கணினிக்குள் நுழைந்தோர் ஒவ்வொருவர்க்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில் கோர்பாட்டோ இந்நிகழ்ச்சியை நினைவு கூர்ந்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பூட்டினை எவரும் உடைக்கவில்லை. முதலாவதில், கேட்பவர் யார் என்று கணினி கேட்கவில்லை. இரண்டாவதில், பெயர் ஒன்றாகையால் பொருளும் ஒன்றெனக் கணினி கொண்டது. பின்வந்த காலத்துப் பெருங் கேடுகளின் விதை இவற்றிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

ஒரு வீட்டில் பல குடித்தனங்கள்

கோர்பாட்டோவின் கழகத்திற்கு அணித்தே, கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் ஓர் அறிவியல் நிலையத்தை நிறுவியது. அங்கே ராபர்ட் கிரீஸி தலைமையில் ஒரு குழுவினர் வேறொரு வழியைக் கண்டனர். கணினியின் நேரத்தைப் பகிர்ந்தளிப்பதோடு நில்லாது, கணினியையே பல கணினிகளாகத் தோன்றச் செய்தல் அவ்வழி. சி.பி.-40 எனப் பெயர் பெற்ற அம்மென்பொருள், 1967 சனவரியில் முறையான பயன்பாட்டிற்கு வந்தது. சிஸ்டம்/360 வரிசையின் 40ஆம் மாதிரிக் கணினி ஒன்றிலிருந்து அது 14 கணினிகளைப் படைத்துக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், தனி அட்டைப் படிப்பி, தனி அச்சுப்பொறி இருப்பதுபோன்ற தோற்றம் உண்டு. உள்ளிருந்து பார்ப்பவர்க்குத் தம் கணினி மெய்யானதே. இவ்வாறு மெய் போன்று இயங்குதலின் இவற்றை மெய்நிகர் கணினிகள் என்கிறோம்.

பெரிய வீடொன்றைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விடுவதை இதற்கு ஒப்பாகக் கொள்ளலாம். குடித்தனக்காரர் ஒருவர் மற்றவர் அறைக்குள் செல்ல இயலாது. ஆனால் எல்லா அறைகளையும் அறிந்தவராய், எவர்க்கு எவ்வளவு இடம் என வரையறுப்பவராய், வீட்டுக்காரர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். கணினிக்குள் நடைபெறும் வேலைகளை மேற்பார்க்கும் மென்பொருளுக்கு அக்காலத்தில் சூப்பர்வைசர் என்று பெயர். அந்த மேற்பார்வையாளரையும் மேற்பார்ப்பது எதுவோ அதற்கு ஹைப்பர்வைசர் எனப் பெயரிட்டனர். சூப்பர் என்பது இலத்தீன். ஹைப்பர் என்பது கிரேக்கம். இரண்டிற்கும் மேல் என்பதே பொருள். மேலாளர்க்கு மேலாளரைக் குறிக்க வேறு சொல் வேண்டியிருந்தமையால் கிரேக்கத்தை நாடினர் போலும்.

1972 ஆகஸ்டு 2ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்னும் மென்பொருளை உலகிற்கு அறிவித்தது. அதில் வீட்டுக்காரரின் கணக்கேடு போன்ற ஒரு பெயரேடு இருந்தது. பயன்படுத்துவோர் ஒவ்வொருவரின் பெயரும், கடவுச்சொல்லும், அவர்க்குரிய நினைவக அளவும், அதிகார வகுப்பும் அதில் எழுதப்பட்டிருக்கும். வகுப்புகள் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்பட்டன. ஏ வகுப்பினர் முழு அமைப்பையும் நடத்தும் தலைமை இயக்குநர். ஜி வகுப்பினர் தம் மெய்நிகர் கணினியை மட்டும் ஆளும் பொதுமக்கள். அதிகாரம் வெளிப்படையாக ஏட்டில் எழுதப்பட்டது. ஏட்டில் இல்லாதது ஒருவர்க்கும் இல்லை. அடுத்த தலைமுறையினர் சில இடங்களில் இந்நெறியிலிருந்து வழுவியதே இவ்வரலாற்றின் திருப்பம்.

அறிஞர் வகுத்த நெறி

1970களின் நடுவில் இத்துறை இலக்கணம் பெற்றது. 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்னும் இருவர், மெய்நிகர் கணினியை ஆளும் மென்பொருளுக்கு இருக்க வேண்டிய இயல்புகள் மூன்றென வகுத்தனர். மெய்க் கணினியில் ஓடுவதுபோலவே நிரல்கள் அதில் ஓட வேண்டும்; வேகம் பெரிதும் குறைதல் கூடாது; வளங்கள் யாவும் ஆளும் மென்பொருளின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மூன்றாவதே காவலின் அடிப்படை.

1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர் கணினியில் செய்தியைக் காப்பது பற்றி ஒரு பேராய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதில் எட்டு நெறிகள் கூறப்பட்டன. அவற்றுள் மூன்று ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கன. முதலாவது, வெளிப்படையாக இசைவு தரப்படாத எதற்கும் மறுப்பே விடையாதல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேண்டுகோளும் தணிக்கை செய்யப்பட வேண்டும். மூன்றாவது, வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஒருவர்க்கும் அதிகாரம் வழங்கலாகாது. ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் இந்நெறிகளுள் ஒன்றேனும் பழையதாகிவிடவில்லை.

1976இல் ஐ.பி.எம். ஆய்வாளர் வி.எம்./370இன் காவலைத் தாமே உடைத்துப் பார்த்து அதன் விளைவை வெளியிட்டனர். கண்டறிந்த குறைகளுள் ஏறத்தாழ அனைத்தும், ஏதேனும் ஒரு வகையில் உள்ளீடு வெளியீட்டு வேலைகளோடு தொடர்புடையனவாக இருந்தன. அறைச் சுவர்கள் உறுதியாயிருந்தன. வெளியிலிருந்து பொருள் வரவும் போகவும் வைத்த வாயில்களிலேயே சந்து இருந்தது. தம் பொருளின் குறையைத் தாமே தேடி அச்சிட்ட அவ்வாய்வாளரின் நேர்மை போற்றற்குரியது.

சிறு கணினிக்கு வந்த பெருங்கலை

பின்னர் மேசைமேல் வைக்கும் சிறு கணினிகள் மலிந்தன. விலை குறைந்த கணினியை ஏன் பகிர வேண்டும் என்னும் எண்ணம் பரவியது. பெருங்கணினிக் கூடங்களில் மட்டும் மெய்நிகர்க் கலை உயிரோடிருந்தது. மேலும், சிறு கணினிகளில் வழங்கிய இண்டெல் வகைச் செயலி போபெக், கோல்ட்பர்க் இலக்கணத்திற்கு ஒத்துவரவில்லை. ஆளும் மென்பொருளுக்குத் தெரியாமலே நிறைவேறக்கூடிய கட்டளைகள் 17 அதில் இருப்பதாக 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இத்தடையைத் தாண்டியவர்கள் 1998இல் கலிபோர்னியாவில் வி.எம்.வேர் நிறுவனத்தைத் தொடங்கிய டையேன் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் முதலிய ஐவர். தொல்லை தரும் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து ஓட்டும் உத்தியை அவர்கள் கையாண்டனர். 1999இல் மேசைக் கணினிக்கான மென்பொருளையும், 2001இல் இ.எஸ்.எக்ஸ். என்னும் பெயரில் வழங்கிக் கணினிகளுக்கான ஹைப்பர்வைசரையும் வெளியிட்டனர். அதன் மெலிந்த வடிவமே பின்னர் வந்த இ.எஸ்.எக்ஸ்.ஐ.

அந்நாளில் நிறுவனங்களின் கணினி அறைகளில், வேலைக்கு ஒன்றாக வாங்கி வைத்த வழங்கிகள் பெரும்பாலும் வேலையின்றிக் கிடந்தன. மின்சாரமும் குளிரூட்டலும் வீணாயின. பல வழங்கிகளின் வேலையை ஒன்றிலேயே அடக்கலாம் எனக் கண்டதும் நிறுவனங்கள் இதனை விரைந்து ஏற்றன. ஆனால் நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணினிகளைத் தனித்தனியே ஆளுதல் அரிது. ஆகவே 2003இல் எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நடத்தும் மேலாண்மை மென்பொருள் வந்தது. அதன் இன்றைய பெயர் விசென்டர். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலே ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்திற்கு மாற்றவும் அதனால் இயன்றது.

இங்குதான் காவலின் நிலை மாறிற்று. அதுவரை அறைகளுக்கு இடைப்பட்ட சுவரே பெருங்கவலையாக இருந்தது. இப்போது எல்லா அறைகளுக்கும் உரிய கொத்துச் சாவி ஒரே ஆணியில் தொங்கலாயிற்று. அதனை எடுத்தவர் சுவரை உடைக்க வேண்டியதில்லை. அறைக்குள் இருப்பவர் எவ்வளவு நன்றாகத் தாழிட்டாலும் பயனில்லை. வீடே அவர் கையில்.

பழைய இசைவின் எச்சம்

இக்கொத்துச் சாவி எவ்வளவு எளிதில் கைமாறும் என்பதை 2020 ஏப்ரலில் வெளிப்பட்ட குறையொன்று காட்டியது. விசென்டரின் உள்ளே, யார் யார் நிர்வாகிகள் என்னும் குறிப்பை வைத்திருக்கும் பெயரேட்டுப் பகுதி ஒன்றுண்டு. அதன் அணுகல் கட்டுப்பாடு சில நிலைகளில் சரியாக இயங்கவில்லை என்று ஏப்ரல் 9ஆம் நாள் வி.எம்.வேர் அறிவித்தது. குறைகளின் கடுமையை அளக்கும் 10 புள்ளி அளவையில் அதற்கு முழுமையாக 10 புள்ளி இடப்பட்டது.

அக்குறை எல்லா இடத்திலும் இருந்ததில்லை. 6.7ஆம் பதிப்பினைப் புதிதாக நிறுவியோர்க்குத் தொல்லை இல்லை. 6.0, 6.5 முதலிய பழைய பதிப்பிலிருந்து 6.7க்கு உயர்த்திக்கொண்டோர்க்கே கேடு. காரணம் யாதெனின், பழைய பதிப்பினரின் வசதிக்கென விட்டுவைத்த பழைய தணிக்கை முறை உள்ளே இன்னும் உயிரோடிருந்தது. கார்டிகோர் நிறுவன ஆய்வாளர் அதனைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு பிழைகள் புலப்பட்டன. தணிக்கையில் தோற்றவர்க்கும் இசைவு என்றே விடை போயிற்று, அஃது ஒன்று. அடையாளச் சீட்டே இல்லாமல் வருபவர் வெளியார் அல்லர், உள்வீட்டு வேலையாளாகவே இருப்பர் என்று கொண்டு, அவர்க்கு உயரதிகாரம் தரப்பட்டது; அஃது இரண்டு. ஆகவே வலையமைப்பின் வழியே அதனை எட்டக்கூடிய எவரும், கடவுச்சொல் இன்றியே தம்மை நிர்வாகியாகச் சேர்த்துக்கொள்ள இயன்றது.

சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் வகுத்த முதல் நெறியை இங்கே நினைவு கூர்தல் தகும். இசைவு தரப்படாததற்கு மறுப்பே விடையாதல் வேண்டும் என்றனர் அவர்கள். இங்கோ மறுக்க வேண்டிய இடத்திலும் இசைவே விடையாயிற்று. சீட்டு இல்லாமையே தகுதிச் சான்றாகிவிட்ட விந்தை இது. மறு ஆண்டு, 2021 பிப்ரவரியில், விசென்டரின் துணைக்கூறு ஒன்றில் உள்நுழைவே கேளாது கோப்புகளை ஏற்றுக்கொள்ளும் வாயில் ஒன்று வெளிப்பட்டது. அதற்கு இடப்பட்ட புள்ளி 9.8.

பெயர் தந்த முடி

இனி, தொடக்கத்திற் குறித்த செய்திக்கு வருவோம். பெரிய நிறுவனங்களில் பணியாளரின் கணக்குகளை, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரி என்னும் பொதுப் பெயரேட்டில் வைப்பது வழக்கம். 2000ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள இவ்வேடு, பெயரின் நிலையாமையை நன்கறிந்தது. ஒவ்வொரு பணியாளர்க்கும், ஒவ்வொரு குழுவுக்கும் மீண்டும் வாராத ஓர் அடையாள எண்ணை அது வழங்குகிறது. ஒரு குழுவை அழித்துவிட்டு அதே பெயரில் மற்றொன்றை அமைத்தாலும் புதிய எண்ணே கிடைக்கும். பழைய குழுவின் உரிமைகள் புதியதற்குச் செல்லா. சேர்க்கை எண் முறையே இது.

2010இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பு முதல், இ.எஸ்.எக்ஸ். வகை ஹைப்பர்வைசரை இவ்வேட்டோடு இணைக்க வழி ஏற்பட்டது. நிர்வாகிகளின் வசதியை எண்ணி அதில் ஓர் ஏற்பாடு செய்தனர். ஏட்டில் ‘இ.எஸ்.எக்ஸ். அட்மின்ஸ்’ என்னும் பெயரில் ஒரு குழு இருப்பின், அதில் உள்ளோர் அனைவர்க்கும் ஹைப்பர்வைசரின் முழு அதிகாரமும் தானே கிடைக்கும். ஏற்பாட்டின் நோக்கம் நன்று. பத்து இயந்திரங்களில் பத்து முறை எழுத வேண்டியதை ஓரிடத்தில் ஒரு முறை எழுதினாற் போதும்.

ஆனால் அக்குழு ஏட்டில் இயல்பாக இருப்பதன்று. வேண்டுவோர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். பல நிறுவனங்கள் அமைக்கவே இல்லை. அமைக்காத இடங்களிலும் ஹைப்பர்வைசர் அப்பெயரை எதிர்பார்த்தே இருந்தது. அப்பெயருடைய குழு வந்ததும் அதன் எண் யாது என்று பார்க்கவில்லை; பெயரை மட்டும் பார்த்து முடி சூட்டியது. ஆளில்லாத அரியணையை அலங்கரித்து வைத்து, இன்ன பெயருடன் யார் வந்தாலும் அரசர் என்று முரசறைந்தது போன்றது இது.

2024 சூலை 29ஆம் நாள் மைக்ரோசாப்ட் ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கையால் இஃது உலகறிந்த செய்தியாயிற்று. தவறாகப் பயன்படுத்தும் வழிகள் மூன்றென அவர்கள் கண்டனர். அப்பெயரில் புதுக் குழு அமைத்துத் தம்மை அதில் சேர்த்துக்கொள்ளுதல் முதல் வழி. இருக்கும் குழு ஒன்றுக்கு அப்பெயரைச் சூட்டுதல் இரண்டாம் வழி. நிர்வாகி விழித்துக்கொண்டு வேறொரு குழுவுக்கு அதிகாரத்தை மாற்றினாலும், பழைய குழுவினரின் அதிகாரம் உடனே நீங்காமையைப் பயன்படுத்துதல் மூன்றாம் வழி. முதல் வழியைக் கொள்ளையர் உண்மையிலேயே கையாண்டிருந்தனர். அதற்கு வேண்டியவை இரண்டே கட்டளை வரிகள்.

அவ்வறிக்கை கூறும் நிகழ்ச்சி ஒன்று கருதத்தக்கது. 2024இன் முற்பகுதியில், வட அமெரிக்காவின் பொறியியல் நிறுவனம் ஒன்றில் கொள்ளையர் முதலில் ஒரு சாதாரணக் கணினியின் வழியே நுழைந்தனர். படிப்படியாக ஏறி நிர்வாகிகள் இருவரின் கடவுச் சான்றுகளைத் திருடினர். பின்னர் அப்பெயரில் குழு அமைத்துத் தம் புதுக் கணக்கொன்றை அதில் சேர்த்தனர். அந்நொடியே ஹைப்பர்வைசர்கள் அவர்கள் வசமாயின. அவற்றின் கோப்புத் தொகுதியையே மறையெழுத்தாக்கிப் பூட்டினர். மேலே ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகள் யாவும் ஒருங்கே நின்றன. தனித்தனிக் கணினிகளைப் பூட்டும் முயற்சியைப் பாதுகாப்பு மென்பொருள் பல இடங்களில் தடுத்தது. அடித்தளமாகிய ஹைப்பர்வைசரில் அத்தகைய காவல் நில்லாமையால் அங்கு எதிர்ப்பில்லை.

அடித்தளம் வீழ்ந்தால் இழப்பு எத்துணை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் விடுதி நிறுவனம் தாக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட இ.எஸ்.எக்ஸ்.ஐ. ஹைப்பர்வைசர்களைப் பூட்டியதாகத் தாக்கியோரே அறிவித்தனர். அந்நிறுவனம் தனக்கு நேர்ந்த பாதிப்பினை ஏறத்தாழ 10 கோடி டாலர் எனக் கணக்கிட்டது. அவர்கள் நுழைந்த வழி வேறு. ஆயினும் ஹைப்பர்வைசரைக் கொள்ளையர் ஏன் நாடுகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

குறையா, ஏற்பாடா?

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். பெயரேட்டில் குழு அமைக்கும் வல்லமை உடையவர் முன்னரே பேரதிகாரம் பெற்றவர். அவர் கையில் மேலும் ஒரு சாவி சேர்வதால் ஆவதென்ன? மேலும் இவ்வேற்பாடு கையேடுகளில் வெளிப்படையாக எழுதப்பட்டதன்றோ? இத்தடையில் ஓரளவு உண்மை உண்டு. வி.எம்.வேரை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம் நிறுவனம், இக்குறைக்கு நடுத்தரக் கடுமை என்று கூறி 6.8 புள்ளியே இட்டது.

எனினும் தடைக்கு விடையும் உண்டு. முதலாவதாக, குழு அமைக்க முழு நிர்வாகியாக இருக்க வேண்டியதில்லை. கணக்குகளைப் பதியும் அலுவலர் நிலையிலுள்ளோர்க்கும் அவ்வதிகாரம் உண்டு. பெயர் பதியும் எழுத்தர், ஒரு பெயரைப் பதிந்த அளவிலேயே வீடு முழுவதற்கும் உரிமையாளராதல் முறையாகாது. இரண்டாவதாக, பணியாளரின் பெயரேட்டை ஆள்பவர் வேறு, கணினிகளின் அடித்தளத்தை ஆள்பவர் வேறு எனப் பிரித்து வைப்பதே பாதுகாப்பின் நோக்கம். ஒன்று வீழினும் மற்றொன்று நிற்க வேண்டும் என்பதற்காகவே சுவர் எழுப்புகிறோம். அச்சுவரில் பெயரளவில் ஒரு கதவு இருந்தமையால் இரண்டும் ஒன்றாயின. மூன்றாவதாக, கையேட்டில் எழுதியிருத்தல் போதுமான அறிவிப்பன்று. தாம் அமைக்காத குழுவுக்குத் தம் இயந்திரம் காத்திருக்கிறது என்று எத்தனை நிர்வாகிகள் எண்ணிப் பார்த்திருப்பர்? கேளாமலே கொடுக்கப்பட்ட இசைவினை மறுக்கவும் ஒருவர்க்குத் தோன்றாது.

2024 சூனில் வெளிவந்த 8.0 பதிப்பின் மூன்றாம் புதுப்பிப்பில் குறை நீக்கப்பட்டது. நீக்கிய வகை படிப்பினை தருவது. புதிய பூட்டு எதுவும் செய்யப்படவில்லை. அப்பெயருடைய குழுவைத் தானே சேர்த்துக்கொள் என்றிருந்த இயல்பு அமைப்பு, சேர்த்துக்கொள்ளாதே என மாற்றப்பட்டது. எதிர்பார்க்கும் பெயர் இருந்த இடம் வெறுமையாக்கப்பட்டது. அதிகாரத்தை மீண்டும் சரிபார்க்கும் இடைவேளை 1440 நிமிடத்திலிருந்து 90 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. அஃதாவது, முன்னர் ஒரு முழு நாளுக்கு ஒரு முறை பார்த்ததை ஒன்றரை மணிக்கு ஒரு முறை பார்க்கச் செய்தனர். 1975ஆம் ஆண்டின் நெறிகள் இரண்டும் இவ்வாறு தம் இடத்திற்குத் திரும்பின. 7.0ஆம் பதிப்பிற்குத் திருத்தம் வரவில்லை. அதனை வைத்திருந்தோர் அமைப்புகளைத் தாமே மாற்றிக்கொள்ளுமாறு கூறப்பட்டனர்.

வரலாறு தரும் பாடம்

1960களில் கடவுச்சொற் பட்டியலை ஊரறிய அச்சிட்ட பிழையும், 2020இல் சீட்டில்லாதவரை உள்வீட்டாராகக் கொண்ட பிழையும், 2024இல் பெயர் கண்டு முடிசூட்டிய பிழையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றிலும் மென்பொருளை எழுதியோர் தீயவரல்லர், அறியாதவருமல்லர். தம் காலத்து நிலைக்கு ஏற்ற ஒரு நம்பிக்கையை அவர்கள் உள்ளே வைத்தனர். ஒருவரே திருத்துவார், உள்ளார் மட்டுமே வருவர், நிர்வாகியே குழு அமைப்பார் என்பன அந்நம்பிக்கைகள். காலம் மாறியது, சூழல் மாறியது. நம்பிக்கை மட்டும் எழுதியபடியே நின்றது. மனிதர் மறந்துவிட்ட வாக்கினை இயந்திரம் மறப்பதில்லை. எவருக்கோ என்றோ கொடுத்த சொல்லை, இன்று அப்பெயரோடு வந்து கேட்பவர்க்கெல்லாம் அது நிறைவேற்றிக்கொண்டே இருக்கும்.

ஆகவே அதிகாரம் தரும் ஏட்டினை எழுதுவதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் அதனைப் புரட்டி, இன்னும் இருப்போர் யார், போனவர் யார், எவர்க்கு எதற்காக இவ்வுரிமை தரப்பட்டது எனக் கேட்டுத் திருத்துதல் வேண்டும். மருத்துவமனையின் நோயாளர் குறிப்பும், வங்கியின் கணக்கும், பள்ளியின் மதிப்பெண்ணும் மெய்நிகர் கணினிகளுக்குள் குடியேறிவிட்ட காலம் இது. அவ்வீடுகளின் கொத்துச் சாவி எங்கே தொங்குகிறது, யார் பெயரைச் சொன்னால் அது கைக்கு வரும் என்று கேட்பது கணினி வல்லுநரின் கடமை மட்டுமன்று. அவற்றை நம்பி வாழும் மக்களின் உரிமையும் ஆகும்.